எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வெளியூர் கிளம்புகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். பள்ளிக்கூட வேலை. நான்கு வருடத்துக்கு முன் பெங்களூரில் 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையை நெடுக்காக வெட்டி முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுவது அது. அடுத்த வருடமே கிருஷ்ணகிரியில் இருக்கும் என் சித்தி மகன் 'பைபாஸ்' செய்துகொண்டான். இரைப்பையின் மேல்நுனியில் ஒரு முட்டை அளவுக்கு மட்டும் தனியாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள்.

அதிலிருந்து எங்கள் பக்கம் யாருக்கு இந்த ஆபரேஷன் நடந்தாலும் எனக்கு ஒரு போன் வரும். "அக்கா, பழனிக்குப் போறோம், என்னென்ன எடுத்து வைக்கட்டும்?" ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு, தேதி எல்லாவற்றிலும் உங்கள் சர்ஜன் சொல்வதுதான் முடிவு.

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் வெளியூர் போகலாம்?

முதல் பயணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதுதான். பெங்களூரிலிருந்து தர்மபுரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். ஓசூரில் ஒருமுறை, கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிறுத்தி, ஐந்து நிமிடம் நடக்க வைத்துத்தான் என்னைக் கூட்டி வந்தார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்கள் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே வினை. அசையாமல் உட்கார்ந்திருப்பது அதற்கு வசதி செய்து கொடுக்கிற மாதிரி.

நீண்ட பயணத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். சாப்பாடும் தண்ணீர்ப் பதத்திலிருந்து கூழ்ப் பதம், மென்மையான உணவு என்று படிப்படியாக வர அவ்வளவு காலம் ஆகும். வழியில் கிடைத்ததைச் சாப்பிடும் நிலைமைக்கு வராமல் கிளம்பினால் பை முழுக்க உங்கள் சாப்பாடுதான் இருக்கும். அப்புறம் பெட்டி தூக்குவது. முதல் சில வாரங்கள் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பெட்டியை பஸ்ஸின் மேல் தட்டில் ஏற்றப் போகாதீர்கள். கண்டக்டரிடமோ பக்கத்து சீட்டுப் பையனிடமோ கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெட்டியில் எது, கைப்பையில் எது?

நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். பெட்டியில் என்ன இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, துணிதானே. கை எட்டும் தூரத்தில் இருப்பதுதான் கணக்கு.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் தொப்பூர் கணவாய். ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம். மதுரையில் ஒரு கல்யாணம், தர்மபுரியில் காலை பஸ் ஏறினோம். எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தேன். மாத்திரை டப்பா, இரண்டு பாட்டில் தண்ணீர், அவித்த முட்டை, பொட்டுக்கடலை மாவு. எல்லாம் பெட்டியில். பெட்டி பஸ்ஸின் அடியில் டிக்கியில். "சேலத்தில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம், ஒன்றரை மணி நேரம்தானே" என்று நினைத்தேன். இறக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. மூன்று மணி நேரம். முன்னால் லாரி, பின்னால் லாரி. டிக்கிக் கதவைத் திறக்கக்கூட இடமில்லாமல் பக்கத்தில் ஒரு டேங்கர் ஒட்டிக்கொண்டு நின்றது. மற்றவர்கள் பசியைப் பொறுத்துக்கொண்டார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தலை சுற்றியது. பக்கத்து சீட்டு அம்மா ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். தாகத்தில் மடமடவென்று நாலு வாய் குடித்தேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்துகிற வலி. சின்ன இரைப்பைக்கு அந்த வேகம் ஆகாது. கொஞ்ச நேரத்தில் அப்படியே வெளியே வந்துவிட்டது.

ஆகவே இப்போது என் கைப்பையில் நிரந்தரமாக இருப்பது இவை: அரை லிட்டர் பாட்டில் ஒன்று (உறிஞ்சு குழாய் வைத்ததாக இல்லாமல், மூடி திறந்து குடிக்கிற சாதாரண பாட்டில், உறிஞ்சினால் காற்றும் சேர்ந்து போய் எனக்கு வயிறு உப்புகிறது), அன்றைய மாத்திரைகளும் அடுத்த மூன்று நாள் மாத்திரைகளும், ஒரு எவர்சில்வர் கிண்ணம், குழந்தைகளுக்குச் சோறூட்டும் சின்னக் கரண்டி, புரதப் பொடி இரண்டு வேளைக்கு, ஓஆர்எஸ் பாக்கெட், டிஷ்யூ, வாந்திக்கு இரண்டு பிளாஸ்டிக் கவர், அப்புறம் ஒரு அட்டை. அட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கரண்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெரிய கரண்டியில் எடுத்தால் பழைய வேகம் தானாக வந்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு? பஸ்ஸில் பாத்ரூம் தொல்லையாச்சே?

ஒரு நாளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர். ஒரே மூச்சில் கால் லிட்டர்கூட உள்ளே போகாது என்பதால் பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு என்று நாள் முழுக்கப் பரப்பிக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் குடிப்பதற்கு நேரம் மிகக் குறைவு.

இங்கேதான் நம் பெண்களின் பழைய பழக்கம் குறுக்கே வரும். பஸ் ஏறுவதென்றால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைப்போம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையை நினைத்தால் தாகமே அடங்கிவிடும். என் அம்மா தர்மபுரியிலிருந்து திருச்செந்தூர் வரை ஒரு டம்ளர் தண்ணீரில் போய் வந்தவர். ஆபரேஷனுக்கு முன் அது வெறும் கஷ்டம். பின்னால் அது ஆபத்து. முதல் சில மாதங்களில் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு உடம்பில் நீர் வற்றுவது ஒரு முக்கியக் காரணம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நீரும் வற்றினால் எழுந்து நிற்கும்போதே கண் இருட்டும்.

அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே கழிப்பறையை யோசியுங்கள். ரயில் கிடைத்தால் ரயில். தர்மபுரியிலிருந்து மைசூர்–தூத்துக்குடி விரைவு ரயில் இருக்கிறது. சென்னை, கோவைப் பக்கம் போக மொரப்பூர் போய் ஏறலாம். கிருஷ்ணகிரிக்காரர்கள் பாவம், ஊரில் ரயிலே கிடையாது; ஓசூரோ ஜோலார்பேட்டையோ போக வேண்டும். கார் என்றால் ஓட்டுபவரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் நிறுத்தணும். அந்த நிறுத்தத்திலேயே நடையும் ஆயிற்று. பஸ்தான் வழி என்றால் நடைபாதை ஓர சீட்டு கேளுங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த கதைதான். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாம். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வெளியூரில் தண்ணீர் மாறினால் முதலில் வயிறுதான் போகும். மற்றவர்களுக்கு அது ஒரு நாள் அவஸ்தை. நமக்கு, போன நீரை வேகமாகக் குடித்து ஈடுகட்டும் வழி இல்லை. காய்ச்சிய தண்ணீரோ மூடி உடைக்காத பாட்டிலோ மட்டும்.

ஓஆர்எஸ் என்றால் தண்ணீரில் கரைக்கும் பொடி. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவிலேயே கரைக்க வேண்டும். கடையில் அட்டை டப்பாவில் பழச்சுவையில் விற்பதை அதே பொருள் என்று நினைத்து வாங்காதீர்கள்; பலவற்றில் சர்க்கரை மிக அதிகம். நீர்மோர் நல்லது. சோடா, கோலா வகை எதுவும் வேண்டாம்.

வழிச் சாப்பாட்டுக்கு என்ன கட்டுவது?

புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போன காலம் முடிந்தது. இப்போது கணக்கு புரதம். பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை சொல்வார்கள். ஒரு முட்டையில் 6 கிராம். பன்னீர் 50 கிராம் எடுத்தால் 9 கிராம். பொட்டுக்கடலை 50 கிராமில் ஏறக்குறைய 10. புரதப் பொடி ஒரு கரண்டிக்கு 20க்கு மேல். எதை முதலில் வாயில் போடுகிறோம் என்பதுதான் விஷயம். ஐந்தாறு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும், அந்த ஐந்தாறு வாயைச் சோற்றுக்குக் கொடுத்தால் புரதத்துக்கு இடமில்லை.

நான் கட்டுவது பெரும்பாலும் பொட்டுக்கடலை மாவு. வறுத்த பொட்டுக்கடலையைச் சீரகம், கல்லுப்பு, துளி பெருங்காயம் சேர்த்து நைஸாக அரைத்துச் சலித்து ஒரு டப்பாவில். வழியில் எந்தக் கடையிலும் தயிரோ மோரோ கிடைக்கும். கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் மாவைக் கட்டி இல்லாமல் குழைத்தால் ஒரு வேளை முடிந்தது. வெயிலில் கெடாது, சிந்தினாலும் தட்டிவிட்டுப் போகலாம்.

முட்டை அப்படி இல்லை. ஏப்ரல், மே வெயிலில் அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பையில் வைத்திருக்க வேண்டாம். கிளம்பி முதல் வேளைக்கு அது. அடுத்த வேளைக்குக் கடையில் சுடச்சுட அவித்துத் தரச் சொல்லுங்கள். நாமக்கல் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டைக்கா பஞ்சம்? மஞ்சள் கரு உதிரியாகக் காய்ந்திருந்தால் தொண்டையில் அடைக்கும், அதைத் தயிரில் பிசைந்துகொள்ளுங்கள். சுண்டலும் நல்லதுதான், ஆபரேஷன் முடிந்து மூன்று நான்கு மாதம் ஆனவர்களுக்கு, நன்றாகக் குழைய வெந்திருந்தால்.

புரத பார்கள் வாங்குகிறவர்கள் பின்பக்கம் படியுங்கள். சர்க்கரை இல்லை என்று பெரிதாகப் போட்டு, உள்ளே சார்பிட்டால், மால்டிட்டால் என்று சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்புப் பொருள்கள் இருக்கும். வயிறு உப்பும், பேதியும் ஆகும். ஓடும் பஸ்ஸில் அது வேண்டாத வேலை.

வழியில் உறவுக்காரர் வீட்டில் களி போட்டால்?

தர்மபுரிக்காரர்களிடம் இதைப் பேசாமல் முடியாது. கேழ்வரகுக் களிக்கு நம் ஊரில் ஒரு சட்டம் உண்டு: மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். உருண்டையைப் பிட்டு, கொள்ளுச் சாற்றிலோ கீரைக் கடைசலிலோ புரட்டி, நாக்கில் பட்டதும் படாததுமாக உள்ளே தள்ளுவோம். மென்று சாப்பிட்டால் "என்ன, பட்டணத்துப் பிள்ளையா?" என்பார்கள்.

அந்தச் சட்டத்தைத்தான் இப்போது உடைக்க வேண்டும். விழுங்கிய உருண்டை அப்படியே இரைப்பை வாசலில் உட்கார்ந்துகொள்ளும். எச்சில் ஊறும், நெஞ்சு அடைக்கும், வாந்தி எடுத்தால்தான் தீரும். என் சித்தி மகன் அரூரில் அவன் மாமனார் வீட்டில் மூன்றாவது வாயிலேயே எழுந்து கொல்லைக்கு ஓடினான். களியில் சுண்ணாம்புச் சத்து உண்டு, நல்ல தானியம்தான். ஆனால் பெரும்பகுதி மாவு. ஒரு நெல்லிக்காய் அளவு, குழைவாகப் பிசைந்து, மென்று. அதற்கு முன்னால் அந்த வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பில் நன்றாக வெந்த துண்டு ஒன்றோ, கொள்ளுக் கடைசலோ உள்ளே போயிருக்கட்டும்.

மாத்திரைகளை எப்படி எடுத்துப் போவது?

ஏழு நாள் டப்பா வாங்குங்கள், ஆனால் மாத்திரையை அதன் ஸ்ட்ரிப்போடு கத்தரித்து அதில் போடுங்கள். பிரித்துப் போட்டால் ஈரத்தில் நமத்துவிடும்; தவிர, வெளியூரில் எந்த மாத்திரை எது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை நாள் பயணமோ அதற்கு மேல் மூன்று நாளுக்குச் சேர்த்து எடுங்கள். மென்று தின்கிற வைட்டமின்களை நிறுத்தி வைத்த காருக்குள் விட்டால் ஒரே உருண்டையாக உருகிக் கிடக்கும், எனக்கு நடந்தது.

இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. டீ, காபிக்கும் இரும்புக்கும்கூட ஆகாது. ஊரில் இருக்கும்போது பழக்கத்தில் சரியாகப் போடுவோம். பயணத்தில் நேரம் குழம்பும். போனில் அலாரம் வைத்துவிடுவது சுலபம். இரும்புக்குத் துணையாக வைட்டமின் சி இருந்தால் நல்லது. நான் உப்பில் போட்டுக் காய வைத்த நெல்லிக்காயை ஒரு டப்பாவில் வைத்திருப்பேன். அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்க்காரிக்கு (தர்மபுரியின் பழைய பெயர் தகடூர்) அதுகூட இல்லாவிட்டால் எப்படி? வாய் வறண்டாலும் ஒரு துணுக்கு அடக்கிக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எடை குறையக் குறைய அந்த மாத்திரைகளின் தேவையும் குறையும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கிளம்பும் முன் ஒருமுறை டாக்டரிடம் அளவைச் சரிபார்த்துக்கொண்டு, குளுக்கோமீட்டரையும் கைப்பையில் போடுங்கள். கருத்தடை மாத்திரை பைபாஸுக்குப் பிறகு சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதால், வேறு முறையை மகப்பேறு டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

அட்டை என்றீர்களே, அது என்ன?

வெளியூரில் உடம்பு வலி என்று ஒரு கிளினிக்குக்குள் நுழைந்தால் என்ன நடக்கும்? "ஒரு ஊசி போட்டுடலாம்." அந்த ஊசியில் பெரும்பாலும் டைக்ளோபினாக் இருக்கும். நமக்கு அது ஆகாது. புரூபன், டைக்ளோபினாக் வகை வலி மருந்துகள், முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, தைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். ஊசியாகப் போட்டாலும் அதே கதைதான். பாராசிட்டமால் பரவாயில்லை.

எனக்கே ஒருமுறை, ஊர் பெயர் வேண்டாம், இடுப்பு வலிக்கு ஊசியை மருந்தேற்றிக் கையில் எடுத்துவிட்டார்கள். "என்ன ஊசி?" என்று கேட்டதால் தப்பித்தேன். கேட்கும் நிலையில் இல்லாமல் மயங்கிக் கிடந்திருந்தால்?

அதற்குத்தான் அட்டை. தபால் அட்டை அளவு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்தது. என் பெயர், ரத்தப் பிரிவு, வீட்டு எண், சர்ஜன் எண். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி. அதன் கீழ் மூன்று வரி. புரூபன், டைக்ளோபினாக் வகை வேண்டாம். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட வேண்டியிருந்தால் சர்ஜனைக் கேட்காமல் போட வேண்டாம். நாள்கணக்கில் வாந்தி இருந்தால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் கொடுக்கவும்.

மூன்றாவது வரியைப் பலரும் கேட்பார்கள். தையமின் என்பது வைட்டமின் பி1. உடம்பில் அதன் கையிருப்பு கொஞ்சம்தான். இரண்டு மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் வாந்தியாகவே இருந்தால் தீர்ந்துவிடும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் அதன் அடையாளம். அட்டையை போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலும் வைத்துவிடுங்கள்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி வருகிறேன். சாப்பிடலாமா?

ஒரு துண்டு, இரண்டு துண்டு. வெறும் வயிற்றில் வேண்டாம். ஜூஸாக வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் இறங்கினால் வருவது 'டம்பிங்'. பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரும். சாப்பிட்ட பத்து முதல் முப்பது நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், கழிப்பறையைத் தேட வைக்கும். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். அது சர்க்கரை இறங்குவதால் வரும் நடுக்கம். என் தம்பி (அந்தச் சித்தி மகன்தான்) மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்கிறான். ஊருக்கே கூழ் அனுப்புகிறவன், ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஓசூர் பஸ்ஸில் ஏறி, சூளகிரியில் இறங்கிச் சாலையோரம் அரை மணி நேரம் படுத்துக் கிடந்தான். இப்போது அவன் செந்தூராவைத் தோல் சீவி, இரண்டு விரல் அகலத் துண்டாக, சாப்பாட்டுக்குப் பின் தின்கிறான். அவ்வளவுதான்.

கல்யாணப் பந்தியில் எப்படிச் சமாளிப்பது?

இலை போட்டுவிட்டால் நம் கையில் எதுவும் இல்லை. பரிமாறுகிறவர் கை நிற்காது, "என்னம்மா, ஒண்ணுமே சாப்பிடலை" என்று பெரியம்மா பக்கத்திலேயே நிற்பார். ஆபரேஷனைப் பற்றிப் பந்தியில் விளக்கம் சொல்லாதீர்கள். கேட்டவர் அடுத்த பந்திக்குக் கொண்டுபோய்விடுவார். "டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்றால் போதும்.

நான் முதல் பந்தியில் உட்கார மாட்டேன். எழுந்துகொள் என்று பின்னால் ஆள் நிற்கும்போது மென்று சாப்பிட முடியாது. கடைசிப் பந்தி நிதானமானது. சைவப் பந்தி என்றால் பருப்பும் கூட்டும் முதலில், தயிர் பிறகு, சோறு பேருக்கு. கைப்பையில் இருக்கும் கிண்ணம் இங்கே உதவும்: பருப்பையும் தயிரையும் அதில் கேட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக ஒரு நாற்காலியில் இருபது நிமிடம். பாயசம் ஒரு கரண்டி வாங்கி இலையில் விட்டுவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

துணிமணியில் கவனிக்க வேண்டியது?

முதல் வருடத்தில் மாதத்துக்கு ஒரு அளவு குறையும். போன மாதம் தைத்த ஜாக்கெட் இந்தக் கல்யாணத்துக்குத் தொளதொளவென்று நிற்கும். ஊக்கு ஒரு கொத்து எடுத்து வையுங்கள். ஆண்களுக்கு பெல்ட்டில் கூடுதல் ஓட்டை. மோதிரம், மெட்டி இரண்டையும் கிளம்பும் முன் சோதித்துப் பாருங்கள். என் மோதிரம் பஸ் ஸ்டாண்டு குழாயடியில் கை கழுவும்போது சோப்போடு சேர்ந்து போனது.

கொழுப்பு குறைந்ததும் குளிர் அதிகமாகத் தெரியும். முன்பெல்லாம் ஏசி பஸ்ஸில் எனக்கு மட்டும் வியர்க்கும். இப்போது சால்வை இல்லாமல் ஏறுவதில்லை. உட்காரும் இடத்தில் சதை போய்விட்டதால் வால் எலும்பு வலிக்கும், அதற்கு ஒரு சின்னத் தலையணை. தோல் தொங்கும் மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகும், பருத்தி உள்ளாடையும் ஒரு துண்டும் கூடுதலாக வேண்டும். கையில்லா ஜாக்கெட் ஆசை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், யார் என்ன சொன்னால் என்ன.

விமானத்தில் ஏதாவது தொல்லை உண்டா?

இரைப்பையை வெட்டிய இடத்தை மூட வயிற்றுக்குள் போட்டிருக்கும் கிளிப்புகள் டைட்டானியம். சோதனை வாசலில் பொதுவாகச் சத்தம் போடாது. புரதப் பொடியை வெறும் கவரில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெள்ளைப் பொடியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும், பிரிக்காத பாக்கெட்டாக எடுங்கள். வெளிநாட்டு விமானத்தில் 100 மி.லி.க்கு மேல் தண்ணீர் விடமாட்டார்கள். காலி பாட்டிலை எடுத்துப்போய் சோதனை தாண்டி உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும்.

நம்மில் பலருக்கு வரும் சிக்கல் முகம். என் பாஸ்போர்ட்டில் இருப்பது 104 கிலோ ஆள். பெங்களூர் விமான நிலையத்தில் அதிகாரி படத்தையும் என்னையும் மூன்று முறை பார்த்துவிட்டு, "உங்க அக்காவா?" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டியதும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அந்தத் தாளின் நகலைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.

மலைப்பாதையில் வாந்தி வருமே?

முன் சீட்டு, ஜன்னல் திறந்து, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவது. எலுமிச்சை முகர்ந்தால் எனக்குக் கேட்கும். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்பே வாங்கி வையுங்கள்.

ஒகேனக்கல் போகலாமா? நண்பர்களோடு போனால் மது?

போகலாம். தையல் இடங்கள் நன்றாக ஆறும்வரை எண்ணெய்க் குளியல் மசாஜ் வேண்டாம். வயிற்றை அழுத்தித் தேய்ப்பார்கள். மீன் நல்ல புரதம், மிளகாய் பூசி வறுத்த மேல்தோலை உரித்துவிட்டு உள்சதையை மட்டும் எடுங்கள். மது முன்பு போல் இல்லை. பைபாஸுக்குப் பிறகு சீக்கிரம் ஏறும், மெதுவாக இறங்கும். பாறையும் பரிசலும் அருவியும் உள்ள இடத்தில் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த அறிகுறிக்குப் பயணத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால். மூச்சு வாங்கினால். உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120ஐத் தாண்டி நின்றால். காய்ச்சலோடு வயிற்று வலி, அது தோள்பட்டைக்கு ஏறினால். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் (இரும்பு மாத்திரையும் கறுக்க வைக்கும், ஆனால் பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் அது வேறு). ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே நிற்காவிட்டால். பைபாஸ் செய்தவர்களுக்கு, எத்தனை வருடம் ஆனாலும், முறுக்கி முறுக்கி விட்டு விட்டு வரும் வயிற்று வலியை வாயு என்று தள்ளக் கூடாது. குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. 108. நெடுஞ்சாலையில் வண்டி மாட்டிக்கொண்டால் 1033, ரயிலில் 139. போன உடனே அட்டையைக் கையில் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் பையை என்ன செய்வது?

பிரிக்காதீர்கள். சாப்பாட்டை மட்டும் எடுத்துவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து, மாத்திரையை எண்ணி நிரப்பி, கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். என்னுடையது அங்கேதான் தொங்குகிறது. கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பார்ப்பதும் நல்லது. போன மாதம் சேலம் கிளம்பும்போது மாவு டப்பா லேசாக இருந்தது. மாமியார் ரேழியில் உட்கார்ந்தபடி, "அது உனக்குன்னு வெச்சதா? தயிரோட நல்லா இருந்துச்சு" என்றார்.